சம்பந்தியைத் திட்ட முடியுமா?

1

எங்கள் பஸ் டிப்போவில் வருஷத்துக்கு ஒரு நாள் குடும்ப தினம் உண்டு. கடல் தாண்டி நான் பிழைக்க வந்த வெலிங்டனில் காற்று கொஞ்சம் அடங்கிய சனிக்கிழமையாகப் பார்த்து, கடற்கரைப் பூங்காவில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டு, குழந்தைகளை ஓடவிட்டு, சாயங்காலம் கலைந்துவிடுவோம். போன வருஷம் யார் யார் எத்தனை பேரோடு வருகிறோம் என்று முன்னாலேயே சொல்லச் சொன்னார்கள். நான் மூன்று என்றேன். எனக்குப் பின்னால் நின்ற சியோனே, சமோவாத் தீவுக்காரர், என்னைப் போலவே டிரைவர், கொஞ்சமும் கூசாமல் முப்பத்தைந்து என்றார். குடும்பத்தைத்தான் கேட்டேன், ஊரை இல்லை என்று மேனேஜர் அம்மாள் சிரித்தாள். அன்றைக்கு டியூட்டி இருக்கிறவர்களைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றார் சியோனே.

எனக்கு வயிற்றெரிச்சல். நான் பிறந்தது கோலார் தங்கவயலில், கோரமண்டல் லைனில். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளைத்தான் லைன் என்போம். அங்கே ‘உங்க வூட்ல எத்தினி பேரு’ என்று யாராவது கேட்டால், ‘எந்த வேளைக்குக் கேக்கறே’ என்று திருப்பிக் கேட்பது வழக்கம். அப்படி வளர்ந்தவன் வாயில் மூன்று என்ற பதில் வந்துவிட்டதே என்று அன்று முழுக்க ரோசமாக இருந்தது. இரண்டு ஸ்டாப்பில் நிற்காமல் போய்விட்டேன், ஏறவேண்டியவர்கள் கையை ஆட்டி ஆட்டித் திட்டினார்கள்.

அதே வருஷம் எங்கள் வீட்டிலும் குடும்பம் என்றால் என்ன என்பதைப் பற்றி ஒரு சண்டை வந்தது. சண்டை நடந்த இடம் கோரமண்டல். விதை போட்டது இங்கே இருக்கிற யுனிவர்சிட்டி. ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு விதமாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

2

என் மகள் தாரணி இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் அந்தத் தமிழ் டவுன் பஸ் மாதிரி நின்று நின்றுதான் போகும், நடுவில் இங்கிலீஷ் ஏறி இறங்கும். டாக்டருக்குப் படிப்பாள் என்று என் மனைவி சாந்தி நினைத்தாள். இன்ஜினியருக்குப் படிப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் சமூகவியலில் போய்ச் சேர்ந்தாள். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டேன். வேலை என்றால் என்ன என்பதைத்தான் நாங்கள் முதலில் படிப்போம் என்றாள்.

குடும்பம் ஒரு சமூக நிறுவனம் என்று அவளுக்கு ஒரு பாடம். முதல் வாரமே அவரவர் குடும்பத்தைப் படமாக வரைந்துகொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, பிறப்புக்கு ஒற்றைக் கோடு. சாப்பாட்டு மேஜையில் பெரிய காகிதத்தை விரித்து உட்கார்ந்தாள். என் அப்பா அம்மா வந்தார்கள், கஸ்தூரி அக்கா வந்தாள், நான் வந்தேன். அப்புறம் பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அசோகன் பெரியப்பாவ எங்கப்பா போடறது?”

எனக்கும் அக்காவுக்கும் நடுவில் போடு என்றேன். ஒரே அப்பா அம்மாவா என்றாள். இல்லை, பக்கத்து வீடு என்றேன். அப்படியென்றால் கோடு இழுக்க முடியாதாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெரியப்பாவுக்கு இடம் இல்லாத படம் ஒரு படமா, உங்கள் வாத்தியாரை என்னிடம் பேசச் சொல் என்றேன். அவள் கோபப்படாமல், அவர் எப்படி உங்களுக்கு அண்ணன் ஆனார், அதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

எங்கள் லைனில் எல்லாவற்றையும் தீர்மானித்தது ஷிப்டுதான். நைட் ஷிப்டுக்குப் போனவர் காலையில் சுரங்கத்திலிருந்து மேலே வந்து, பகல் முழுக்கத் தூங்கவேண்டும். வீடோ ஒரே அறை. பிள்ளைகள் இருந்தால் எங்கே தூங்குவது? அதனால் நைட் ஷிப்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பகலெல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கவேண்டும் என்பது லைன் வழக்கம். யாரும் உத்தரவு போட்டதில்லை, யாரும் மீறியதும் இல்லை. எங்கள் அப்பாவுக்கு நைட் வாரம் என்றால் நானும் அக்காவும் அசோகன் அண்ணன் வீட்டில். அவர் அப்பாவுக்கு நைட் வாரம் என்றால் அவர் எங்கள் வீட்டில். எங்கே இருக்கிறோமோ அங்கேதான் சாப்பாடு. அந்த வீட்டு அம்மாதான் தலைக்கு எண்ணெய் வைப்பார், அடி வாங்குவதும் அந்த அம்மா கையால்தான். எங்கள் வீட்டில் முருகன் படம், அவர்கள் வீட்டில் புத்தர் படம். அந்தந்த வாரம் அந்தந்தப் படத்துக்குக் கும்பிடு. இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே வாரம் நைட் விழுந்துவிட்டால், அக்கா எங்கள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் இழுத்துக்கொண்டு போய்த் தைல மரத்தடியில் உட்காரவைத்துக் காவல் இருப்பாள். அக்காவுக்கு அடுத்து அசோகன் அண்ணன், அவருக்கு அடுத்து நான். வேறு என்னவென்று கூப்பிடுவது?

தாரணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். ரத்தத்தால் குடும்பம் வரும், கல்யாணத்தால் வரும், தத்து எடுத்தால் வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஷிப்டால் வரும் என்று இல்லையே என்றாள். வாத்தியாருக்கும் இது ரொம்பப் பிடித்துப்போய், இதையே ஆராய்ச்சியாகச் செய் என்று சொல்லிவிட்டார். லைனில் இருக்கிற மனிதர்களிடம் பேசவேண்டுமே, அதற்கு அங்கே ஒரு ஆள் வேண்டும். அசோகன் அண்ணன் மகன் ஆனந்த் கிடைத்தான். அவனுக்குப் பெங்களூரில் மெட்ரோ ரயிலில் சிக்னல் வேலை. விடியற்காலை ரயிலில் கோரமண்டலில் ஏறினால், பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பி வருவான். ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்ப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான், இவள் இங்கிருந்து கேள்வி கேட்பாள்.

ஆராய்ச்சி பிரமாதமாக முன்னேறியது. ஞாயிறு மட்டும் என்று இருந்தது, புதனும் வெள்ளியும் சேர்ந்துகொண்டது. பிறகு அவன் ரயிலில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் ஆராய்ச்சி நடந்தது. வண்டிக்குள் யாரைப் பேட்டி எடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. சாந்திக்கு முதலிலேயே விளங்கிவிட்டது. எனக்கு எப்போதும் போலக் கடைசி ஸ்டாப்பில்தான்.

3

கஸ்தூரி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாள். அப்பா அம்மா போன பிறகு அதே லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள். தாரணி மூன்று மாதம் நேரில் தங்கி ஆராய்ச்சி செய்யக் கோரமண்டலுக்குப் போனபோது, அந்த வீட்டை ஒருநபர் குடும்பம் என்று குறித்துக்கொண்டாளாம். இரண்டே நாளில் அந்தக் குறிப்பை அடித்துவிட்டாள். காலையில் காபிக்கு இரண்டு பேர், பிரஷர் பார்த்துக்கொள்ள நாலு பேர், மத்தியானம் சும்மா படுத்துக்கொள்ள ஒருத்தி, இப்படி வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அதில் முதல் ஆள் அசோகன் அண்ணன். சுரங்கம் மூடின பிறகு பல வருஷம் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து, இப்போது பேத்தமங்களாவில் ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போடுகிறார். தண்ணீர் கேன் தூக்கிப் போடுவது, ஓடு மாற்றுவது, அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவது எல்லாம் அவர்தான். பிளேன் ஏறிப் போன கூடப்பிறந்த தம்பி நான், என்னால் முடிந்தது போனில் விசாரிப்பதுதான். அவர் செய்கிற ஒவ்வொன்றுக்கும் அக்கா அவரைத் திட்டுவாள். தக்காளி சொத்தை, கேன் சிந்துது, சட்டைப் பித்தான் எங்கே போச்சு, பிரஷர் மாத்திரை போட்டியா, போடலைன்னா எதுக்குடா என் வூட்டு வாசப்படி ஏறுனே. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே காபியைக் குடித்துவிட்டுப் போவார். ஒரு நாள் திட்டு கிடைக்காவிட்டால், அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று எதிர் வீட்டில் கேட்பார்.

இந்த நிலைமையில்தான் என் மகள் ஒரு காரியம் செய்தாள். இந்த மாதிரி ரத்தம் இல்லாத உறவுக்கு அவள் பாடத்தில் ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. உன் புத்தகத்தில் எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அத்தை ஆசையாகக் கேட்க, இவள் அந்தப் பெயரைத் தமிழில் சொல்லப் போய், ‘பொய்ச் சொந்தம்’ என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அக்கா எனக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்துவிட்டாள். எது பொய், நான் அவனுக்கு மூக்கு சிந்திவிட்டது பொய்யா, அவன் அம்மா எனக்குத் தலைவாரி விட்டது பொய்யா, பொண்ணுக்கு என்ன படிப்புடா படிக்க வெச்சே என்றாள். நானும் மகளை நன்றாகத் திட்டிவிட்டேன். அவள் அத்தையிடம் போய் மன்னிப்புக் கேட்டுச் சமாதானம் ஆகிவிட்டது. ஆகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

4

மூன்று மாதம் முடிகிற சமயம். நான் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வருகிறேன், சாந்தி வாசலிலேயே நிற்கிறாள். தாரணியும் ஆனந்தும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்களாம். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு, அடுத்தது சந்தோஷம். மற்றவர்கள் பிள்ளைகள் எல்லாம் ஊரைவிட்டு எங்கெங்கோ போகிறார்கள், என் பிள்ளை வழி தவறிக் கோரமண்டலில் போய் இறங்கியிருக்கிறாள். அண்ணனுக்குச் சம்மதம், அண்ணி பிரேமாவுக்குச் சம்மதம். கோயிலிலா, விகாரையிலா என்ற பேச்சு எழும் என்று எதிர்பார்த்தேன். இரண்டிலும் செய்துவிட்டால் போச்சு என்று ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்.

மாட்டேன் என்றது அக்கா மட்டும்தான். காரணம், முறை இல்லை. நம் முறை தெரிந்ததுதானே. அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கச்சி. அண்ணன் ஒருபக்கம், தங்கை ஒருபக்கம் என்றால் அவர்கள் பிள்ளைகள் கட்டிக்கொள்ளலாம். அசோகன் எனக்கு அண்ணன் என்றால் ஆனந்த் தாரணிக்கு அண்ணன்தானே? அக்கா கேட்டது இதைத்தான்.

தாரணி எங்களிடம் போனில் அழுதாள். அத்தை முன்னால் நிற்காத கல்யாணம் தனக்கு வேண்டாம் என்றாள். ஆனந்தும் அதையே சொன்னான். அவனை வளர்த்ததில் பாதி அக்காதான், அவளை மீறி அவன் தாலி கட்டமாட்டான். அப்படியென்றால் கல்யாணமே இல்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. லீவு கேட்டேன். எதற்கு என்று மேனேஜர் அம்மாள் கேட்டாள். மகள் கல்யாணம் நிற்கிறது என்றேன். பையன் மாட்டேன் என்கிறானா என்றாள். இல்லை, என் அக்கா மாட்டேன் என்கிறாள் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் லீவு கொடுத்தாள். சியோனேவுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது, என் தோளில் ஓங்கித் தட்டி அனுப்பினார்.

சாந்தியோடு கோரமண்டலில் போய் இறங்கி, குளித்துவிட்டு, அக்கா எதிரே உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். ரத்த சம்பந்தம் எதுவும் இல்லையே அக்கா என்றேன்.

“அப்ப இத்தினி வருசமா அண்ணா அண்ணான்னு கூப்ட்டியே, அது இன்னாடா? ஒம்பொண்ணு மொதல்ல பொய்ச் சொந்தம்னு சொன்னா. சரி, கொழந்த, தெரியாம சொல்லிடுச்சின்னு வுட்டேன். இப்ப நீயும் அதத்தான சொல்றே?”

அவள் சொன்னது சரி. ரத்தம் இல்லை, அதனால் கட்டலாம் என்று சொன்ன நிமிஷமே, அந்த நைட் வாரம், அந்தச் சாப்பாடு, அந்த எண்ணெய், அடி எல்லாம் விளையாட்டு என்று ஆகிவிடுகிறது. அசோகன் அண்ணனை அண்ணன் இல்லை என்று சொல்லி எனக்கு ஒரு சம்பந்தி வேண்டாம். ஆனால் மகள் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

5

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பென்ஷன்காரர்கள் கூடுவார்கள். ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்பது அவர்களுக்கு அத்துப்படி. என் கேஸை எடுத்துக்கொண்டு அலசினார்கள். அப்பா வழியில் எண்ணினார்கள், பங்காளி. அம்மா வழியில் எண்ணினார்கள், இரண்டு அம்மாக்களும் அக்கா தங்கச்சி மாதிரி பழகினவர்கள், அதிலும் பங்காளி. ஒருவர் வடஆற்காட்டுப் பூர்வீகம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். இன்னொரு டீ சொன்னதுதான் மிச்சம்.

அதற்குள் என்னைத் தேடிக்கொண்டு சாந்தி வந்துவிட்டாள். அவள் மாரிகுப்பத்துப் பெண். அவளுடைய அண்ணனும் அசோகன் அண்ணனும் சுரங்கத்தில் ஒரே செட்டில் வேலை பார்த்தவர்கள். ஷிப்டு முடிந்தால் பாதி நாள் அசோகன் அண்ணனுக்குச் சாப்பாடு அவள் வீட்டில்தான். எனக்கு அவளைப் பேசி முடித்ததே அவர்தான். கல்யாணம் ஆனதும் அவள் முறைப்படி அவரை வேறு மாதிரி கூப்பிட்டிருக்கவேண்டும். வாயில் பழகினது மாறவே இல்லை. கடை வாசலில் நின்று நாங்கள் எண்ணுவதைக் கொஞ்ச நேரம் கேட்டாள், அப்புறம் எல்லாரையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்.

“எனக்கு அவரு அண்ணன். எங்கண்ணன் மகனுக்கு எம்பொண்ணக் குடுக்கறதுல இன்னா தப்பு?”

டீக்கடையில் ஆளாளுக்குத் தொடையில் தட்டிக்கொண்டார்கள். அம்மாவுக்கு அண்ணன் என்றால் பெண்ணுக்குத் தாய்மாமன். மாமன் மகனைக் கட்டுவது உரிமை, யாரும் யாரையும் பொய் என்று சொல்லவேண்டியதில்லை. அவள் அண்ணா என்று கூப்பிட்டதை ஊரே தினமும் கேட்டிருக்கிறது, ஒருத்தர் கணக்கிலும் அது ஏறவில்லை. பெண்டாட்டி வழியில் எண்ணவேண்டும் என்று ஆண்பிள்ளைக் கூட்டத்துக்குத் தோன்றவே இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள். இனிமேல் நான் அவரை அண்ணா என்று கூப்பிடக்கூடாது, மச்சான் என்றுதான் கூப்பிடவேண்டும். திரும்பி நடக்கும்போது மச்சான், மச்சான் என்று சொல்லிப் பார்த்தேன். வாய் கோணிக்கொண்டு போனது.

அக்காவிடம் சொன்னோம். அவள் பூண்டு உரித்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள். மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். முறை சரி, நிச்சயத்தை இந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெண் வீடு இதுதானே என்றாள். நாங்கள் மூச்சு விடுவதற்குள், ஆனால் நான் சபைக்கு வரமாட்டேன், அடுப்பாண்ட இருந்துக்கறேன் என்றாள். சாந்திக்கும் தாரணிக்கும் முகம் விழுந்துவிட்டது. அவர்கள் அந்தப் பக்கம் போன பிறகு நான் விடவில்லை. முறை சரியாகிவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், பூண்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஒனக்கு இன்னாடா, பொண்ணக் குடுத்துட்டு பிளேன் ஏறிடுவே. இங்க இருக்கறவ நானு. காத்தால அவன நாலு வார்த்த திட்டுனாத்தான் எனக்குப் பொழுது விடியுது. இனிமே அவன் சம்பந்தி. சம்பந்தியத் திட்ட முடியுமா?”

முடியாதுதான். சம்பந்தி வந்தால் நாற்காலி போடவேண்டும், வாங்க என்று சொல்லவேண்டும், நல்ல டம்ளராகப் பார்த்துக் காபி கொடுக்கவேண்டும். ஒரு சொல் கூடினால் அது பெண்ணின் தலையில் விடியும். கல்யாணம் ஆனால் தாரணி ஆராய்ச்சி முடிகிற வரைக்கும் கோரமண்டலிலேயே, அண்ணன் வீட்டில்தான் இருக்கப்போகிறாள். என் நாக்கு சும்மா இருக்காது, அதனால் குழந்தைக்கு ஒன்று ஆகக்கூடாது, நானே ஒதுங்கிக்கொள்கிறேன் என்றாள் அக்கா. இதை அவனிடம் சொன்னால் உன்னைக் கொன்றுபோடுவேன் என்றும் சொன்னாள். இத்தனை நாள் முறை முறை என்று அவள் பிடித்த பிடி எல்லாம் இதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிச்சயம் நடந்தால் அக்காவுக்கு ஒரு தம்பி போகிறான். நடக்காவிட்டால் என் மகள் வாழ்க்கை போகிறது. நானும் ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு. லைன் வீட்டில் எத்தனை பேர் உட்கார முடியும்? வாசலில் ஷாமியானா போட்டோம். தாரணி பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, மடிப்பு கலையாமல் இருக்க நடக்காமலே நின்றாள். கண் மட்டும் அடுப்பங்கரைப் பக்கமே இருந்தது. அக்கா சொன்னபடி உள்ளேதான் இருந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள், ஆனால் வெளியே வரவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து புறப்பட்டாலும் மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளை வீட்டார்தானே, தெருமுனை வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். முன்னால் அசோகன் அண்ணன். சட்டையில் எல்லாப் பித்தானும் இருந்தது. கையில் வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டு. நான் எழுந்துபோய், டீக்கடையில் சொன்னபடி, வாங்க மச்சான் என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, என் வயிற்றில் ஒரு குத்து விட்டார். கூட்டமும் சிரித்தது. அவர் அதே சிரிப்போடு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, அக்கா என்று குரல் கொடுத்தார். பெரியவள், வாசலில் வந்து ஒரு வார்த்தை வரவேற்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வந்தாள்.

“வாங்க. உக்காருங்க.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்பது போலப் பார்த்தார்.

“இன்னாக்கா, யார வாங்கன்றே?”

“சம்பந்தி வூட்டுக்காரு வந்தா வாங்கன்னுதான் சொல்லணும். நாற்காலில உக்காருங்க.”

அண்ணன் நாற்காலியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவருக்கு ஐம்பதைத் தாண்டி எவ்வளவோ ஆகிவிட்டது, ஆனால் அந்த நேரத்தில் தைல மரத்தடியில் விட்டுவிட்டு வந்த பையன் மாதிரிதான் நின்றார். கையிலிருந்த தட்டை அண்ணி கையில் திணித்தார்.

“அப்ப வேணாக்கா. எனக்கு சம்பந்தி வேணாம், அக்கா போதும். பிரேமா, கெளம்பு.”

திரும்பியும் விட்டார். விளையாட்டு இல்லை, குரல் உடைந்திருந்தது. அண்ணி தட்டோடு திகைத்து நின்றாள். ஆனந்த் வாயைத் திறந்து திறந்து மூடினான். தாரணி புடவை மடிப்பை மறந்து இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். நான் மச்சான் என்பதா அண்ணா என்பதா என்றுகூடத் தெரியாமல் நிற்கிறேன். அப்போதுதான் நிலைப்படியிலிருந்து அந்தக் குரல் கிளம்பியது.

“டேய் அசோகா! அறிவு கீதாடா ஒனக்கு? நல்ல நாளும் அதுவுமா கொண்டாந்த தட்ட எவனாவது திருப்பி எடுத்துகினு போவானா? புள்ள மூஞ்சப் பாரு, பேயடிச்சா மாரி நிக்கிறான். பெத்தவனாடா நீ? உக்கார்றா மொதல்ல!”

அதோடு விட்டாளா? நாற்காலியில் அவரை உட்காரவைத்து, எதிரே நின்று தொடர்ந்தாள். காலை மாத்திரை போட்டாயா என்று ஆரம்பித்து, போடவில்லை என்று தெரிந்ததும் அண்ணிக்கும் கொஞ்சம் கொடுத்து, போன வாரத் தக்காளிக்குப் போய், சமையலுக்கு வாங்கிவரச் சொன்ன பெரிய பாத்திரத்தை நேற்று ராத்திரிதான் கொண்டுவந்து போட்டதற்கு வந்தாள். வாங்க என்று சொன்ன ஒரு வார்த்தைக்கு வட்டியும் முதலுமாகத் திட்டு விழுந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மழைக்கு முகத்தைக் காட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டார். சபை முழுக்கச் சிரிப்பு. தாரணி சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே ஆனந்த் கையைப் பிடித்துவிட்டாள். அதையும் அக்கா பார்த்துவிட்டு, தாலி ஏறாம கை புடிக்கிறது எந்த ஊர் வழக்கம் என்று போகிற போக்கில் ஒன்று போட்டாள்.

டீக்கடைப் பென்ஷன்காரர் ஒருவர்தான் முன்னால் நின்று நடத்தினார். சரி சரி, நேரம் ஆகிறது, இரண்டு பக்கத்திலும் வயசில் பெரியவர்கள் எழுந்து தட்டை எடுங்கள் என்றார். அண்ணன் அவசரமாக, எங்கள் பக்கம் அக்காதான் பெரியவள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அது எப்படி, எங்கள் பக்கமும் அக்காதான் என்றேன். பென்ஷன்காரர் விழித்தார். ஒரே ஆள் இரண்டு பக்கம் நிற்கமுடியுமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணன் பக்கம் போனாள். அண்ணி கையிலிருந்த தட்டை வாங்கினாள். நடுவில் நடந்து வந்து என்னிடமும் சாந்தியிடமும் நீட்டினாள்.

“எங்க வூட்டுப் புள்ள. நல்லபடியா பாத்துக்குங்க.”

கூடப்பிறந்த தம்பியான என்னைப் பார்த்து ‘பாத்துக்குங்க’ என்று மரியாதை! நான் தட்டை வாங்கிக்கொண்டேன். அவள் அங்கேயே திரும்பி, எங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே நடந்துபோய் அண்ணன் முன்னால் நின்றாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். தட்டை அவர் கையில் வைத்தாள், ஆனால் பிடியை விடவில்லை.

“எங்க வூட்டுப் பொண்ணுடா அசோகா. இது கண்ணுல தண்ணி வந்துச்சு, ஒன்ன கொன்னுடுவேன்.”

சரிக்கா என்றார் அண்ணன். அப்புறம்தான் தட்டை விட்டாள்.